பிஎம்இஜிபி கடன்: பொருளாதாரம் படித்தவர்களுக்கு எப்படி?

பொருளாதாரம் படித்தால் வங்கித் தேர்வு, எம்.ஏ. முடித்தால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு. இவை தெரிந்த பாதைகள்தான். சொந்தத் தொழில் என்று யோசிக்கும் வேலூர் மாணவர்களுக்கு, மாவட்டத் தொழில் மையம் வழியே கிடைக்கும் பிஎம்இஜிபி (புதுத் தொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம்) நல்ல திட்டம். பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் 10 லட்சத்தில் தையல் யூனிட் போடுகிறார். அவர் கைக்காசு 5%, அதாவது 50,000. மீதி 9.5 லட்சம் வங்கிக் கடன். மானியம் 35%, 3.5 லட்சம். அது கைக்கு வராது; வங்கியிலேயே 3 வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். யூனிட் ஓடினால்தான் கடனில் கழியும். அதுவரை கடனில் அந்தத் தொகைக்கு வட்டியும் இல்லை. பொதுப் பிரிவு ஆண் நகரத்தில் தொடங்கினால் மானியம் 15% தான்.

சிக்கல் பெரும்பாலும் வங்கியில்தான். கல்விக் கடன் தவணை தவறி சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) கெட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே ஓடும் தொழிலுக்கும் கிடையாது. ஜெராக்ஸ் கடையில் விற்கும் ரெடிமேட் திட்ட அறிக்கையை வாங்காதீர்கள். வங்கி மேலாளர் நடைமுறை மூலதனம் (தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம்) பற்றி ஒரு கேள்வி கேட்டாலே சாயம் வெளுத்துவிடும்.