கேப்சூல் கூடு: ஜெலட்டினா, செல்லுலோஸா?

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஜெலட்டின் கூடு, மாடு, பன்றி ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி எடுக்கும் புரதம். எச்பிஎம்சி (ஹைட்ராக்சிபுரொப்பைல் மெத்தில்செல்லுலோஸ்) கூடு மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து வருவது. குளிர்ந்த தண்ணீரில் போட்டால் குட்டு வெளிப்படும்: ஜெலட்டின் உப்பிக் கொழகொழவென்று நிற்கும், கரையாது, அதற்கு உடல் சூடு வேண்டும். மற்றது குளிரிலும் மெல்லக் கரையும். ஜெலட்டின் கூட்டில் ஈரம் ஏறத்தாழ 13–16 சதவீதம், காய்ந்தால் நொறுங்கும். எச்பிஎம்சியில் அதில் பாதிகூட இருக்காது. ஈரம் ஆகாத மருந்துகளுக்கு இதுவே தோது. விலைதான் கூடுதல்.

சைவர்களுக்கு என் ஓட்டு எச்பிஎம்சிக்கே. கூடு மட்டும் சைவமானால் போதாது. உள்ளே லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருந்தால், பாலையும் தவிர்க்கும் நனிசைவருக்கு ஆகாது. கூடு பற்றிய குறிப்பில் 'ஹைப்ரோமெல்லோஸ்' என்றிருந்தால் அது எச்பிஎம்சிதான். மருத்துவர் எழுதிய மருந்தைக் கூட்டுக்காக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையாகவோ சிரப்பாகவோ கிடைக்குமா என்று கேளுங்கள்.