கண்ணாடியோடு வ்யூஃபைண்டர்: தனுஷ்கோடி வெயிலில் எது கைகொடுக்கும்?

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத நீர்ப்பரப்பு உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பூநாரைகள் அங்கே வந்து மேயும். கண்ணாடி போட்டவர் கேமராவின் வ்யூஃபைண்டரோடு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையோடு, படும் பாடு எல்லாம் அந்த ஒரே இடத்தில் தெரிந்துவிடும். மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி, காற்றில் பறக்கும் மணல். என் வலக்கண் பவர் மைனஸ் 3.25, அதோடு சிலிண்டர், அதாவது பார்வைக் கோணலுக்கான பவர், 1.25. சில வருடங்களாக எல்லா வழியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலில் எல்லோரும் சொல்வது, "கண்ணாடியைக் கழற்றிவிட்டு டயாப்டர் சக்கரத்தைத் திருகிக்கொள்." வ்யூஃபைண்டரை நம் கண் பவருக்கு ஏற்ப மாற்றும் சிறு சக்கரம் அது. வ்யூஃபைண்டருக்குள் சிறு திரை உள்ள பல மிரர்லெஸ் கேமராக்களில் இந்தச் சக்கரம் மைனஸ் 4 வரை போகும். ஃபுஜி எக்ஸ்டி5-ல் மைனஸ் 5 வரை. என் பவருக்கு இது போதும். கண் வ்யூஃபைண்டரைச் சுற்றியுள்ள ரப்பரோடு ஒட்டி உட்காருவதால் பக்கவாட்டு வெளிச்சம் நுழையாது, படத்தின் நான்கு மூலையும் தெரியும். ஆனால் இந்தச் சக்கரம் சிலிண்டரைச் சரிசெய்யாது. எவ்வளவு திருகினாலும் இறகின் விளிம்பில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஃபோகஸ் விழுந்ததா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது, கேமரா காட்டும் பச்சைக் கட்டத்தை நம்ப வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் கேமராவிலிருந்து கண்ணை எடுத்ததும் வரும். கண்ணாடி இல்லாத எனக்கு இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் கூட்டம் வெளுத்த ஒரு தீற்றல்தான். ஒரு காலையில் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்தில் நின்றவர் "அண்ணே, கிளம்பிருச்சு" என்றார். கூட்டம் முழுக்க இறக்கை விரித்துத் தலைக்கு மேல் போனது. அந்தச் செக்கச்சிவந்த இறக்கை அடிப்பாகம் பறக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். எனக்கு ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, அசையாத பாம்பன் பாலத்தை எடுப்பவருக்கும் சிலிண்டர் இல்லாதவருக்கும் இந்த வழி ஒத்துவரும். பறவைக்கு ஒத்துவராது.

சரி, கண்ணாடியோடு பார்த்தால்? இங்கே பார்க்க வேண்டிய எண் ஐபாயிண்ட். கண்ணை எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழுப் படமும் தெரியும் என்பதைச் சொல்லும் அளவு அது. மூக்குக்கண்ணாடியின் லென்ஸ் கண்ணிலிருந்து சுமார் 12 முதல் 14 மி.மீ. தள்ளி நிற்கிறது. அப்புறம் லென்ஸின் தடிமன், ரப்பரின் தடிமன். நிக்கான் இசட்6 டூவில் ஐபாயிண்ட் 21 மி.மீ., சோனி ஆல்ஃபா 7 ஃபோரில் 23, எக்ஸ்டி5-ல் 24. இரண்டு மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஓரத்தில் இருக்கும் ஷட்டர் வேகம் தெரிவதும் மறைவதும் அந்த இரண்டு மூன்றில்தான் இருக்கிறது. சில கேமராக்களின் மெனுவில் வ்யூஃபைண்டர் படத்தைச் சற்றுச் சுருக்கிக் காட்டும் வசதி உண்டு, கண்ணாடிக்காரர்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான். ஃபிரேம் சிறியதாக, முகத்தோடு ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது.

இந்த வழியின் குறை பக்கவாட்டு வெளிச்சம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது கண்ணாடியின் உள்பக்கமே பளபளக்கும். அகலமான ரப்பர் ஐகப் கொஞ்சம் தடுக்கும், விளிம்பு வைத்த தொப்பி அதைவிட நன்றாகத் தடுக்கும். மணல் ஒட்டிய ரப்பரில் கண்ணாடியை அழுத்தினால் கீறல் விழும். அதனால் கண் வைப்பதற்கு முன் ரப்பரை ஊதித் துடைக்கிறேன்.

கான்டாக்ட் லென்ஸ் உள்ளூரில் கல்யாண வீட்டுக்குச் சரி. தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக் காற்றில் ஒரு மணல் துகள் போதும், அன்றைய வேலை முடிந்தது. லென்ஸ் போட்ட கண்ணில் கடல்நீர் படுவதும் நல்லதல்ல.

இனி கூலிங் கிளாஸ். கடற்கரைக்கு விற்கும் கருமையான ரகங்களில் பல 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை மட்டுமே உள்ளே விடும். வ்யூஃபைண்டர் திரை அவ்வளவு மங்கிப்போனால் கை தானாக எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கூட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூநாரையின் வெள்ளை முதுகு விவரமே தெரியாமல் வெளுத்துப் போயிருக்கும். கறுப்புக் கண்ணாடியோடுதான் எடுப்பேன் என்பவர் படத்தின் வெளிச்சப் பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தே எக்ஸ்போஷர் வைக்க வேண்டும்.

போலரைஸ்டு கண்ணாடி தனி ரகம். தண்ணீர் மேல் அடிக்கும் ஒளியை அது வெட்டிவிடுவதால் மீன் ஓடுவதுகூடத் தெரியும், கரையில் நடக்க அருமை. ஆனால் எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வது. கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலோ படுக்கப் பிடித்தாலோ ஏதாவது ஒரு நிலையில் திரை கறுத்துவிடலாம். இன்றைய வ்யூஃபைண்டர்கள் பெரும்பாலும் ஓஎல்இடி என்ற வேறு வகைத் திரை என்பதால் அங்கே தொல்லை குறைவு, பின்பக்கத் திரையில்தான் மாட்டிக்கொள்வோம்.

வெயிலில் தானே கறுக்கும் கண்ணாடியை ஆசைப்பட்டு வாங்கினேன். கறுப்பு தெளியச் சில நிமிடம் பிடிக்கிறது. சூடு ஏற ஏற அது கறுப்பதும் குறைவு, நம் ஊர் மே மாதத்தில் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது.

என் பையில் இப்போது இருப்பது பவர் போட்ட சாதாரணக் கண்ணாடியும், அதன் மேல் மாட்டித் தூக்கிவிடும் கறுப்பு கிளிப்பும். நடக்கும்போது கிளிப் கீழே, கேமரா எழும்போது கிளிப் மேலே, தலையில் தொப்பி. இதைவிட நல்ல வழி எனக்கு அமையவில்லை.

கேமராவுக்கும் நிழல் வேண்டும். வ்யூஃபைண்டரின் சிறு லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். படகின் பலகையிலோ பைக் சீட்டிலோ அது சூரியனைப் பார்க்கும்படி வைக்காதீர்கள், மேலே ஒரு துண்டைப் போடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடைக்குத் தங்கள் கண்ணாடியையும் கூலிங் கிளாஸையும் எடுத்துப்போங்கள். முதலில் டயாப்டரைத் திருகி எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். பிறகு நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். கேமராவை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் இரண்டு திரையையும் பாருங்கள். மூலை மறைந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேமராவைக் கேளுங்கள்.