ரிக்கி லாம்பர்ட்டா, அகின்ஃபென்வாவா? மேலேறிய ஸ்ட்ரைக்கரும் தங்கிவிட்ட ஸ்ட்ரைக்கரும்

ரிக்கி லாம்பர்ட் 1982 பிப்ரவரியில் லிவர்பூலை ஒட்டிய கர்பியில் பிறந்தார். அடெபாயோ அகின்ஃபென்வா அதே ஆண்டு மே மாதம் லண்டன் இஸ்லிங்டனில் பிறந்தார். இருவருமே வாட்டசாட்டமான ஸ்ட்ரைக்கர்கள், அதாவது கோல் அடிக்கும் முன்கள வீரர்கள். ஓட்டத்தில் வேகம் இருவருக்குமே கிடையாது. இருபதுகளின் பெரும்பகுதியை இருவரும் இங்கிலாந்துக் கால்பந்தின் மூன்றாம், நான்காம் அடுக்குகளில்தான் கழித்தார்கள். ஓய்வு பெறும்போது இருவரின் கணக்கிலும் 200 கோல்களுக்கு மேல் இருந்தன. ஆனால் ஒருவர் உலகக் கோப்பை அணியில் இடம்பிடித்தார். மற்றவர் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு மேலே ஆடியது ஒரே ஒரு சீசன்.

கீழ் லீக் ஸ்ட்ரைக்கர்கள் பற்றிப் பேச்சு வந்தால் லாம்பர்ட்டைச் சாதனைக்கும் அகின்ஃபென்வாவை வேடிக்கைக்கும் உதாரணமாகச் சொல்கிறார்கள். முன்னது நியாயம். பின்னது எனக்கு ஒப்பவில்லை.

(கீழ் லீக்குகளிலிருந்தே ஏறி வந்த இன்னொரு ஸ்ட்ரைக்கரான ஜேமி வார்டியை இங்கே சேர்க்கவில்லை. அவர் ஏறி வந்த உயரம் இன்னும் பெரியது. ஆனால் அவர் காலில் வேகம் இருந்தது. அந்த வேகம் எந்த லீக்கிலும் செல்லுபடியாகும்.)

உடம்பிலிருந்தே தொடங்குவோம். இருவரையும் பிரித்தது அதுதான். லாம்பர்ட்டைப் பதினைந்து வயதில் லிவர்பூல் அகாடமி வெளியே அனுப்பியது. பிறகு பிளாக்பூல் கிளப்பும் விட்டுவிட்டது. மேக்கிள்ஸ்ஃபீல்டில் வாய்ப்புக்காகக் காத்திருந்த நாட்களில் பீட்ரூட் தொழிற்சாலையில் ஜாடிகளுக்கு மூடி போட்டுப் பிழைத்தார். ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று ஊர் ஊராகப் போனவரை 2009 ஆகஸ்டில் சவுத்தாம்ப்டன் சுமார் 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அங்கே பயிற்சியாளர் ஆலன் பார்ட்யூ அவருடைய எடையையும் உடல்தகுதியையும் பற்றிக் கறாராகப் பேசினார். லாம்பர்ட் கேட்டுக்கொண்டார், இளைத்தார். முதல் சீசனிலேயே லீக்கில் மட்டும் 30 கோல்கள்.

அகின்ஃபென்வாவிடமும் இதையே பலர் சொன்னார்கள்: கால்பந்துக்கு நீ ரொம்பப் பெரிய ஆள். அவர் அந்தப் பெரிய உடம்பையே தன் ஆட்டமாக்கிக்கொண்டார். நூறு கிலோவைத் தாண்டிய மனிதர் எதிரணித் தடுப்பாளருக்கு முதுகைக் காட்டி நின்றால், பின்னாலிருந்து வரும் நெடும்பந்து பெரும்பாலும் அவருடையதுதான். நெஞ்சில் வாங்குவார், பிடித்து வைப்பார், மற்றவர்கள் மேலே ஓடி வரும்வரை காப்பார். தடுப்பாளர் பொறுமையிழந்து இழுத்தால் ஃப்ரீ கிக். பணமும் ஆள்பலமும் குறைந்த அணிக்கு, கடைசிப் பத்து நிமிடத்தில் பந்தை எதிரணிப் பகுதியிலேயே நிறுத்தி வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பின்னாளில் அவர் ஆடிய விக்கம் வாண்டரர்ஸ் கிளப்பின் அன்றைய பயிற்சியாளர் கேரத் எயின்ஸ்வொர்த் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டார். 2018இல் நான்காம் அடுக்கான லீக் டூவிலிருந்து உயர்ந்தார்கள். 2020இல், மேல் அடுக்குக்கு உயர்வதற்கான பிளே-ஆஃப் போட்டிகளின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று வென்று, கிளப் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்புக்குள் நுழைந்தார்கள்.

பந்தாட்டத் திறமையை மட்டும் எடுத்தால் போட்டியே இல்லை. லாம்பர்ட் பின்னால் இறங்கி வந்து பாஸ் கொடுக்கத் தெரிந்தவர். ஃப்ரீ கிக் அடிப்பார். சவுத்தாம்ப்டனுக்காக எடுத்த 34 பெனால்டிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. அகின்ஃபென்வா 2006 பிளே-ஆஃப் இறுதியில் ஸ்வான்சீக்காக எடுத்த பெனால்டியை வெளியே அடித்தவர். ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து, விம்பிள்டனுக்காக இன்னொரு பிளே-ஆஃப் இறுதியின் கடைசி நொடிகளில் பெனால்டிப் புள்ளிக்கு அவரே போய் நின்று அடித்தார், உள்ளே போனது. அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

துணிச்சல் அவருக்குப் பழக்கமானதுதான். பதின்ம வயது முடியும் முன்பே லிதுவேனியாவின் அட்லாண்டஸ் கிளப்புக்குப் போனவர். அங்கே ரசிகர்களின் நிறவெறி வசவுகளைக் கேட்டுக்கொண்டே ஆடி, 2001 கோப்பை இறுதியில் வெற்றி கோலும் அடித்தார். லாம்பர்ட்டின் பீட்ரூட் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கதையையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

வாய்ப்பு என்ற ஒன்றையும் பேசாமல் விடக்கூடாது. 2009இல் சவுத்தாம்ப்டன் கடனில் மூழ்கி, பத்துப் புள்ளிகள் பறிக்கப்பட்டு லீக் ஒன்னில் கிடந்தது. தொழிலதிபர் மார்கஸ் லீபெர் வாங்கிக் காப்பாற்றினார். ஆக லாம்பர்ட் கிளப்பை விட்டுக் கிளப் தாவி மேலேறவில்லை. ஏறிக்கொண்டிருந்த கிளப்போடு சேர்ந்து ஏறினார். சாம்பியன்ஷிப்பில் 27 கோல்கள், பிரீமியர் லீக் முதல் சீசனில் 15. 2013 ஆகஸ்டில் 31 வயதில் இங்கிலாந்து சட்டை. வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, முதல் தொடுதலிலேயே தலையால் முட்டி வெற்றி கோல்.

அகின்ஃபென்வாவுக்கு அப்படி ஒரு கிளப், விக்கம், முப்பத்து நான்கு வயதில்தான் அமைந்தது. 2016 இறுதிப் போட்டி முடிந்ததும், விம்பிள்டன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வேலை வேண்டும், வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்று தொலைக்காட்சியில் எல்லா மேலாளர்களுக்கும் சொன்னார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கீழ் லீக்குகளில் கோடைதோறும் பல வீரர்களின் நிலைமை இதுதான்: ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம், முடிந்ததும் அடுத்த ஊர். நார்த்தாம்ப்டனுக்கும் ஜில்லிங்ஹாமுக்கும் அவர் இரண்டிரண்டு முறை போய் வந்திருக்கிறார்.

2015 ஜனவரியில், லாம்பர்ட் சேர்ந்திருந்த லிவர்பூலை அகின்ஃபென்வாவின் விம்பிள்டன் எஃப்ஏ கோப்பையில் சந்தித்தது. சிறுவயதிலிருந்தே லிவர்பூல் ரசிகரான அகின்ஃபென்வா அந்த அணிக்கு எதிராக கோல் அடித்தார்; கேப்டன் ஜெரார்டின் இரண்டு கோல்களால் லிவர்பூல் ஜெயித்தது. லாம்பர்ட்டுக்கோ அந்தக் கனவுக் கிளப்பில் ஒரு சீசன்தான் நிலைத்தது. மாற்று வீரராகவே பெரும்பாலும் ஆடி, வெஸ்ட் பிராம், கார்டிஃப் வழியாக 2017இல் 35 வயதில் விலகினார்.

என் தேர்வு? ஒரு கோல் நிச்சயம் வேண்டும் என்றால் லாம்பர்ட், யோசிக்கவே மாட்டேன். லீக் டூவில் பணமில்லாத ஒரு கிளப்பை நடத்துபவர் கேட்டால் அகின்ஃபென்வாவைத்தான் சொல்வேன். லாம்பர்ட் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஐந்து சீசன்கள் ஆடினார். நாற்பது வயதாகிப் பதினோரு நாளில், 2022 மே 21 அன்று, சண்டர்லாந்துக்கு எதிரான லீக் ஒன் பிளே-ஆஃப் இறுதியோடுதான் விடைபெற்றார்.