சுவரா, கிரைண்டிங்கா?

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டில் எங்கள் வீடு. இரவு இரண்டு மணிக்கு குட்ஸ் வண்டி போனால், ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். ‘தண்டவாள ஓரமாகச் சத்தம் தடுக்கும் சுவர் எழுப்பச் சொல்லி ரயில்வேக்கு மனு கொடுக்கலாம்’ என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

சுவர் கண்ணுக்குத் தெரியும், அதனால் ஊருக்குப் பிடிக்கும். கீழ்த்தளத்துக்குச் சுமார் 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலிருக்கும். ஆனால் மாடிக்கு அவ்வளவு பலன் கிடையாது. டம்ளர் ஆட்டத்துக்கோ சுத்தமாகக் கிடையாது. அதிர்வு மண் வழியாக வருகிறது, சுவர் அதை என்ன செய்யும்?

கிரைண்டிங், அதாவது தண்டவாளத்தையே சாணை பிடிப்பது, வேறு கதை. தண்டவாளத்தின் மேல்முகத்தில் சில சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அலை விழுந்திருக்கும். ஓரக் கண்ணால் பார்த்தால் சலவைப் பலகை மாதிரி மினுங்கும். சக்கரம் அதில் ஏறி இறங்குவதுதான் அந்த ஊளை. சாணைக் கற்கள் பூட்டிய வண்டி அதைத் தேய்த்துச் சமனாக்கினால் சத்தம், அதிர்வு இரண்டும் பிறக்கும் இடத்திலேயே குறையும். விரிசலும் ஆரம்பத்திலேயே தேய்ந்துபோவதால் தண்டவாளத்தின் ஆயுளும் கூடும். அதாவது செலவில் ஒரு பங்கு ரயில்வேக்கே திரும்புகிறது.

குறை? திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம், ஓரிடத்தில் தேய்ந்து தட்டையான சக்கரத்தோடு ஒரு வேகன் வந்தால் டக் டக்கென்று அடிக்கத்தான் செய்யும். இன்னொரு வழியும் உண்டு: பாதையின் ஜல்லிக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் மண் அதிர்வுக்கு நல்லது. ஓடுகிற பாதையில் அதற்காகவே தோண்டினால் செலவு எகிறும், பாதை புதுப்பிக்கும்போது சேர்த்துப் போடலாம்.

மனுவில் நான் கிரைண்டிங்கைத்தான் முதலில் எழுதுவேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.