கிளச் பிடிச்சும் நிக்காத பைக்

ஒரு பைக்கில் எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்வேன், கிளச் இழுக்கிறதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. லிவரை ஹேண்டிலோடு ஒட்டப் பிடித்திருக்கிறேன், முதல் கியரில் நிற்கிறேன், பைக் தன்பாட்டுக்கு முன்னுக்கு ஊருகிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில், முன்னால் ஒரு தாய் பிள்ளையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அப்படி ஊர்ந்தால் நெஞ்சு பதறிப் போகும். நியூட்ரலும் விழாது. எஞ்சினை நிப்பாட்டினால் அடுத்த நொடி விழும்.

என்னுடையது ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்த ட்ரெயல் பைக், கரடுமுரடான பாதைக்கென்றே செய்தது. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம், படுவான்கரை வயல் வட்டைக்குப் போய்வரத்தான் வாங்கினேன். கிரவல் றோட்டில் இதற்கு நிகர் இல்லை. மாரியில் உழவு மெஷின் போன தடத்தில் மற்ற பைக்குகள் புதையும் இடத்தில் இது ஏறி வரும். ஆனால் வரம்பில் போகிறவனுக்குக் கிளச்தான் உயிர். ட்ரயல்ஸ் போட்டியில் கல்லும் மரக்குற்றியும் ஏறுகிறவர்கள் ஒற்றை விரலால் கிளச்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு, ஊர்கிற வேகத்தில் போவார்கள். ஒரு தரம் கால் ஊன்றினால் 1 புள்ளி தண்டம், விழுந்தால் 5. வரம்பில் எனக்குப் புள்ளி இல்லை, கால் ஊன்றினால் வாய்க்கால்தான்.

முதலில் கொடுத்த கராஜில் கேபிளை இறுக்கினார்கள். பிறகு கிளச் பிளேட், இரும்புத் தட்டு, ஸ்பிரிங் என்று முழு செட்டையும் மாற்றினார்கள். கொஞ்ச நாள் சுகம். மாரி முடியுமுன் பழையபடி இழுக்கத் தொடங்கிவிட்டது. திரும்பிப் போனால் ஒயிலைக் குற்றம் சொன்னார்கள். ஒயில் தடிப்பாக இருந்தால் குளிரில் பிளேட்டுகள் ஒட்டும் என்பது சரி. ஆனால் எஞ்சின் சூடானதும் அது குறைய வேண்டும். என்னுடையது சூடேறச் சூடேறக் கூடியது. அதைச் சொல்லியும் கேட்பார் இல்லை. காசை வாங்கிக்கொண்டு காரணத்தைத் தேடாத வேலைக்கு எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

களுவாஞ்சிகுடிப் பக்கத்து வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர்தான் கிளச் கவரைக் கழற்றி, பிளேட்டுகளை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, பிளேட்டுகள் உட்காரும் கிண்ணமான ஹவுசிங்கை வெறுமையாக வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதன் சுவர் விரல் விரலாகப் பிரிந்து நிற்கும். "நகத்தால தடவிப் பாருங்க தம்பி" என்றார். ஹவுசிங்கின் ஒவ்வொரு விரலிலும் ஓரமாக வரிசையாகப் பள்ளம், பிளேட்டுக்கு ஒன்றாக. நகம் ஒவ்வொன்றிலும் விழுந்து விழுந்து ஏறியது. விசயம் இவ்வளவுதான்: லிவரைப் பிடித்ததும் பிளேட்டுகள் அந்த விரல்கள் வழியே வழுக்கி ஒன்றைவிட்டொன்று விலக வேண்டும். ஹவுசிங் அலுமினியம். எஞ்சின் இழுக்கும்போதெல்லாம் பிளேட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் அதில் இடித்து இடித்துப் பள்ளம் போட்டுவிடும். பிறகு காதுகள் பள்ளத்தில் சிக்கி நிற்கும், விலகாது, உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் இரும்புத் தட்டும் வளையும். புதிதாகப் போட்ட தட்டுகளைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை அடியில் விட்டுப் பார்த்தார். 0.2 மில்லிமீட்டர் தகடு இரண்டில் தாராளமாக நுழைந்தது. என் பைக்கின் மனுவல் பொறுக்கிற எல்லையே அதுதான். முழு செட்டும் வீண் போனது இப்படித்தான்.

மெல்லிய அரத்தால் ஒவ்வொரு விரலையும் ஒரே அளவாக ராவினார். அவசரமே இல்லை. ஒரு விரலில் கூடத் தேய்த்தால் சுமை முழுவதும் மற்ற விரல்களில் விழும் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். வளைந்த தட்டுகளை மாற்றி, புது பிளேட்டுகளை ஒயிலில் ஊறவைத்துப் போட்டு, ஒயிலில் ஊறும் கிளச்சுக்கு ஏற்றது என்று ஜாசோ எம்ஏ தரக்குறி போட்ட ஒயில் ஊற்றி, லிவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் லூஸ் விட்டார்.

இப்போது லிவரைப் பிடிக்க ஒரு விரல் போதும். சூடேறிய எஞ்சினில் முதல் கியரில் லிவரைப் பிடித்தால் கல்லுப் போல நிற்கிறது. நியூட்ரல் தட்டினவுடன் விழுகிறது. வெள்ளாமைக்கு நடுவே வரம்பில் எழுந்து நின்றபடி, வாய்க்கால் மடையைத் தாண்டும்போது வருகிற சந்தோசத்தை வேறு எந்தப் பைக்கும் எனக்குத் தந்ததில்லை.

இதே வகையில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கவா என்று மச்சான் ஒருவன் கேட்கிறான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ராவுகிறது ஒருமுறைக்குத்தான் சரி, பள்ளம் ஆழமானால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கேட்டுப் பார்த்தேன், இல்லை. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது கிடைத்தால் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய பைக்குகளைக் கழற்றி விற்றதில் நல்ல ஹவுசிங் எல்லாம் எப்போதோ போய்விட்டது.

இவ்வளவு சொல்லியும் அவன் எடுக்கத்தான் போகிறான் போலிருக்கிறது. அப்படியென்றால் மச்சான், எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, சமதரையில் முதல் கியரில் கிளச்சைப் பிடித்து நில். ஊர்ந்தால் விற்கிறவனைக் கிளச் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லு. கவரைத் திரும்ப மூடும்போது போடுகிற புது பெக்கிங்குக்கான காசை நீயே கொடு. அவன் மாட்டேன் என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிட்டு வா.