நாலு வெள்ளாமைக்கு அப்புறம்: உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரலாமா?

சாக்கோட்டை வட்டாரத்தில் எனக்கு மூன்று ஏக்கர். இரண்டில் கண்மாயை நம்பி நெல், மேட்டில் ஒரு ஏக்கர் கடலை. 2021-ல் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 2,000 ரூபாய் கட்டிப் பங்குதாரர் ஆனேன். உழவர்களே பங்கு போட்டு, உரம் வாங்கவும் விளைச்சலை விற்கவும் சேர்ந்து நடத்துவது இது. இப்படிப் பத்தாயிரம் நிறுவனங்களை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் அதே அளவு பங்கு மானியமும் அப்போது நிறுவனத்துக்குக் கிடைத்தது, ஆளுக்கு 2,000 ரூபாய் வரை. "சேரலாமா அண்ணே?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் பட்டதை எழுதிவிடுகிறேன்.

இது சங்கமா, கம்பெனியா என்று பலருக்குக் குழப்பம். பதிவு கம்பெனிச் சட்டத்தில். 2003-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதற்கு வழி செய்தது. ஆனால் நடப்பு கூட்டுறவு மாதிரிதான். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு ஓட்டு.

முதல் வருடம் பயிற்சிக்குக் குறைவில்லை. மண்டபம், திரையில் படம், மதியம் சாம்பார் சாதம். 'மதிப்புக்கூட்டல்' என்ற சொல்லை ஒரே நாளில் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். கொடுத்த நோட்டில் என் மகள் கணக்குப் போட்டாள். பிரயோசனமாக இருந்தது ஒன்றுதான்: மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணிலேயே விதைக்கும் புழுதி விதைப்புக்கு அண்ணா 4 நெல்லைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 2009-ல் வந்த ரகம், வறட்சி தாங்கும். கண்மாய் அரைகுறையாக நிறைந்த வருடத்தில் அதுதான் கரை சேர்த்தது.

சரி, விற்பனைக்கு வருவோம். தை மாதம் களத்தில் வியாபாரி நெல்லை எடுத்துப் பல்லில் கடிப்பார். "ஈரம் இருக்கு, மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு." அதற்கு மேல் பேச்சே கிடையாது. இரண்டாம் வருடம் நிறுவனத்துப் பையன் ஈரப்பத மீட்டரோடு வந்து, ஒரு பிடி நெல்லைப் போட்டுத் திருகினான். 16.2 காட்டியது. அரசுக் கொள்முதலிலேயே 17 சதவீதம் வரை எடுக்கிறார்கள். வியாபாரி சிரித்தார்: "உங்க மெஷின் உங்களுக்குச் சாதகமாத்தானே சொல்லும்!" அப்புறம் புதுவயல் மில்லிலிருந்து அவர்கள் மீட்டரையே வரவழைத்தார். 16.8. கழிவு அரைக் கிலோவாக இறங்கியது.

அடுத்த வருடம் அதே மீட்டர் எங்களைக் கவிழ்த்தது. அளவு சரிபார்க்காமல் வருடம் முழுக்க அலமாரியில் கிடந்த கருவி. 15 என்று காட்டியதை நம்பி லோடு அனுப்பினால், ஈரம் 18-க்கு மேல் என்று மில்லில் திருப்பிவிட்டார்கள். போக வர லாரி வாடகை எங்கள் தலையில். கருவியை வாங்கிக் கொடுத்தவர்களுக்கு அதைப் பராமரிக்கச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை.

உரத்தில் பெரிய மிச்சம் எதிர்பார்க்காதீர்கள். யூரியா 45 கிலோ மூட்டை எங்கே வாங்கினாலும் 266.50 ரூபாய்தான். ஆனால் நிறுவனத்தில் "யூரியா வேணும்னா இந்த மருந்தையும் எடு" என்று யாரும் கையில் திணிப்பதில்லை. எனக்கு அதுவே போதும்.

உள்ளதிலேயே பெரிய அடி கணக்கில்தான் விழுந்தது. ஒரு வருடம் ஆண்டுக் கணக்கு, ஆண்டறிக்கை இரண்டையும் தணிக்கையாளர் கம்பெனிப் பதிவாளர் தளத்தில் நேரத்துக்குப் பதிவேற்றவில்லை. தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். ஜனவரி கடைசியில் விழித்தபோது 15,000-க்கு மேல் ஏறியிருந்தது. இயக்குநர்கள் யாருக்கும் அப்படி ஒரு கெடு இருப்பதே தெரியாது. இயற்கை உரத்துக்கு மூன்று நாள் வகுப்பு எடுத்தவர்கள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

அதன் பிறகு பயிற்சி கொடுக்க வந்த ஒரு தம்பி மண்டபமே எடுக்கவில்லை. ஐந்து மாதம், ஒரு சனி விட்டு ஒரு சனி, கிட்டங்கியில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார். எங்கள் இயக்குநர்களில் ஓர் அக்கா, பத்தாவது வரை படித்தவர். இருப்புப் பதிவேடு, பில், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட அவருக்குத் தம்பி சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது மாதமே நாலு மூட்டை உரம் குறைவதை அக்கா கண்டுபிடித்துவிட்டார். களவில்லை, கடனாகக் கொடுத்துவிட்டு எழுத மறந்தது. "வந்த அன்னிக்கே எழுதலைன்னா அது வரவே இல்லைன்னு அர்த்தம்" என்று இப்போது எல்லோரையும் விரட்டுகிறார்.

நிர்வாகச் செலவுக்கு அந்தத் திட்டத்தில் அரசு தந்த பணம் மூன்று வருடத்துக்குத்தான், மொத்தம் 18 லட்சம் வரை. அது நின்ற மாதமே எங்கள் செயல் அலுவலர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கதவு இன்னும் திறந்திருக்கிறதென்றால் அக்காவால்தான்.

சேர நினைப்பவர்கள் பயிற்சிச் சான்றிதழ் எத்தனை மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டாம். கிட்டங்கிக்குப் போய் இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். நேற்றைய தேதி வரை எழுதியிருந்தால் பணம் கட்டலாம்.

இந்தத் தையில் என் நெல் முழுக்க நிறுவனத்துக்கே. கடலையில் பாதி மட்டும். நிறுவனத்தில் பணம் கைக்கு வர இருபது நாள் ஆகிறது, வியாபாரி அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுகிறார். பள்ளிக்கூடத்துக்குக் குறித்த நாளில் பணம் கட்டியாக வேண்டும்.