சில்வியாவின் பின் அச்சில் எதைப் பூட்டலாம்? நான்கு டிஃபரன்ஷியல்கள், ஓர் அலசல்

வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அந்த வேறுபாட்டுக்குக் கடிவாளம் போடுவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ன நடக்கும் என்பதுதான் அலசப்படுகிறது. காரின் வாலை வேண்டுமென்றே சறுக்கவிட்டு வளைவைக் கடக்கும் டிரிஃப்டிங்கைப் பொறுத்தவரை என் அளவுகோல் வேறு. வேகமாக வளைவுக்குள் நுழையும்போது காலைத் தூக்கும் அந்த நொடியில் பின்சக்கரங்கள் எப்படி நடந்துகொள்கின்றன? எது உசத்தி என்பதை அங்கேதான் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு நிசானின் பின்சக்கர இயக்கக் காரான சில்வியாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஜப்பானில் 1988இல் வந்த எஸ்13, 1993இல் வந்த எஸ்14 ஆகிய தலைமுறைகளின் டர்போ மாடல்களுக்கு விஸ்கஸ் வகை கிடைத்தது. 1999இல் வந்த எஸ்15இன் டர்போ மாடலான ஸ்பெக்-ஆர், ஹெலிகல் வகைக்கு மாறியது. டிரிஃப்ட் ஓட்டுநர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு கிளட்ச் பிளேட் வகையைப் பூட்டினார்கள். கையில் காசில்லாதவர்கள் உள்ளிருக்கும் பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டார்கள்.

எதுவும் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலின் குறையை முதலில் பார்த்துவிடலாம். அது இரண்டு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாய்வதால், பாரம் குறைந்த உள்சக்கரம் பிடிப்பை இழந்து வீணாகச் சுழல்கிறது. அதற்குக் கிடைக்கும் சொற்ப விசைக்கு மேல் வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்காது. வெளிச்சக்கரம் பிடிப்பை விடாமல் இருப்பதால் காரின் வாலும் வெளியே வராது. புகை ஒரு டயரிலிருந்து மட்டும் கிளம்பும். சாலையில் இது பாதுகாப்பான குணம். டிரிஃப்டிங்குக்கு இதுவே முட்டுக்கட்டை.

விஸ்கஸ் வகையில், துளையிட்ட தகடுகள் கெட்டியான சிலிக்கான் திரவத்தில் மூழ்கியிருக்கும். இரண்டு பக்கங்களின் வேகம் வேறுபட்டால்தான் திரவம் இழுத்துப் பிடிக்கும். அதாவது, முதலில் சக்கரம் வழுக்க வேண்டும், அதன் பிறகே இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் பூட்டு விழும். மழைச் சாலைக்கு இந்த மென்மை நல்லது. டிரிஃப்டிங்கில் இந்தத் தாமதம் கழுத்தை அறுக்கும். போதாக்குறைக்கு, அந்தக் கார்களுக்கு இன்று கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. திரவம் தளர்ந்துபோன விஸ்கஸுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதற்குச் செலவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹெலிகல் வகை எனக்கு மிகவும் பிடித்தது. சாய்வான பற்கள் கொண்ட பற்சக்கரங்கள், விசை ஏறும்போது பக்கவாட்டில் தள்ளப்பட்டுக் கூட்டோடு உராய்கின்றன. அந்த உராய்வே பூட்டு. பிடிப்புள்ள சக்கரத்துக்கு மற்றதைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை போய்ச் சேரும். தேய்ந்துபோகத் தகடுகள் கிடையாது, சத்தமும் இல்லை. காலைத் தூக்கினால் இன்ஜினிலிருந்து வரும் விசை குறைவு, ஆகவே பூட்டும் குறைவு. கார் தயங்காமல் வளைவுக்குள் திரும்பும். ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் போன்ற முன்சக்கர இயக்கக் கார்களுக்கு இதைக் கொடுத்ததும் இதனால்தான். ஆனால் மூன்று மடங்கு என்பது பூஜ்ஜியத்தின் மூன்று மடங்காகவும் இருக்கலாம். டிராக்கின் ஓரக் கட்டையில் ஏறி உள்சக்கரம் தரையை விட்டு எழும்பினால், வெளிச்சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. சறுக்கிக்கொண்டிருக்கும்போது பூட்டு இப்படிக் கைவிடுவது ஓட்டுநரை நிலைகுலைய வைக்கும்.

இனி கிளட்ச் பிளேட் வகை. இதைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். எதிரெதிரே இரண்டு அழுத்த வளையங்கள். அவற்றில் வெட்டிய சரிவான பள்ளத்துக்குள் குறுக்குத் தண்டு உட்கார்ந்திருக்கும். விசை வரும்போது தண்டு சரிவில் ஏறி வளையங்களை விலக்கும், அவை தகடுகளை நசுக்கும், இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும். அந்தப் பள்ளத்தின் வடிவத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. முடுக்கும் பக்கம் மட்டும் சரிவு இருந்தால் ஒன்-வே. இரு பக்கமும் ஒரே சரிவென்றால் டூ-வே. வேகம் குறைக்கும் பக்கம் பூட்டு சற்றுக் குறைவாக விழும்படி வெட்டியிருந்தால் ஒன்றரை-வே.

ஒன்-வேயில் காலைத் தூக்கியதும் பூட்டு விட்டுப்போகிறது. சக்கரங்கள் தனித்தனியே சுழலத் தொடங்கும், சறுக்கிய வால் எதிர்பாராமல் பிடித்துக்கொள்ளும். டூ-வேயில் மிதித்தாலும் விட்டாலும் பின்சக்கரங்கள் ஒரே குணத்தில் இருக்கும். இடப்பக்கச் சறுக்கலிலிருந்து வலப்பக்கத்துக்குக் காரைப் புரட்டும்போது, இடையில் ஒரு கணம் கால் எழும்பியே ஆக வேண்டும். அந்தக் கணத்திலும் வால் எங்கே போகும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். ஃபுகுஷிமாவின் எபிசு போன்ற டிராக்கில், சுவர் அருகிலேயே இருக்கும்போது, அந்த நம்பிக்கைதான் எல்லாம். விலையும் உண்டு. சறுக்காமல் நிதானமாகத் திரும்பினால் டூ-வே கார் நேராகப் போகவே பார்க்கும். வாகன நிறுத்தத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் பின்னாலிருந்து ‘கடக் கடக்’ என்று சத்தம் வரும். அது பழுதல்ல.

வெல்டிங் வைத்தது எப்போதும் பூட்டியே இருக்கும். மலிவு, குணமும் மாறாது, அதனால் பழகுபவர்களுக்கு உதவும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்ந்து இழுபடும், ஆக்சில் தண்டுகளுக்குச் சுமை கூடும். வெல்டிங் துண்டு உடைந்து பற்களுக்கு நடுவே சிக்கினால் பின் அச்சு இறுகிவிடும். பொதுச் சாலைக்கு இது கூடவே கூடாது.

டிரிஃப்டிங்குக்கென்றே ஒதுக்கிய சில்வியா என்றால் டூ-வேதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வார நாளில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கும் போகும் கார் என்றால் ஒன்றரை-வே. வேகச் சுற்று மட்டுமே ஓட்டுபவர் எஸ்15இன் ஹெலிகலைத் தொடாமல் விடலாம்.

கிளட்ச் வகையைப் பூட்டுபவர்கள் தயாரிப்பாளர் சொல்லும் கியர் ஆயிலையே ஊற்ற வேண்டும். பூட்டியவுடன் டிராக்குக்கு ஓடக் கூடாது. காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டுத் தகடுகளைப் பழக்கி, முதல் ஆயிலை வடித்துவிட வேண்டும். அதில் மினுமினுக்கும் உலோகத் தூள் புதிய தகடுகள் ஒன்றோடொன்று உரசிப் படிந்ததால் வந்தது. புது ஆயில் ஊற்றிய பிறகே முழு வேகத்தில் ஓட்டலாம்.